இரத்தம் கொதிக்கிறதா?

எங்கள் மையம் புதுச்சேரிக் கடற்கரையில் ஒரு மீனவர் குப்பத்தில் நடக்கிறது. இரவு ஏழரை மணிக்கு வகுப்பு. மீன் விற்றுவிட்டு வந்த பெண்கள் குளித்து, சோறு வடித்து, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வருவார்கள். சிலர் வகுப்பிலேயே கண் அயர்ந்துவிடுவார்கள். ஆனால் கருவாட்டு அத்தை மட்டும் தூங்கியதே இல்லை. கருவாடு காய வைத்து விற்பதால் அவருக்கு அந்தப் பெயர். வயது 52. எழுத்தைவிட அவருக்குக் கணக்கில்தான் ஆசை.

ஒரு நாள் இரவு அத்தை ஒரு சீட்டைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார்.

"கண்ணு, இது இன்னா கணக்கு? மேல 168, கீழ 104. நடுவுல கோடு. நீ சொல்லிக் குடுத்த பின்னக் கணக்கா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அது சுகாதார நிலையத்தில் கொடுத்த சீட்டு. பிரஷர் பார்த்து எழுதியது என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. நான் பிளஸ் டூ வரைதான் படித்தவள். "பிரஷர் அதிகமா இருக்கு அத்தை, மாத்திரையை ஒழுங்கா சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அன்றைய பாடத்துக்குப் போய்விட்டேன்.

அத்தை ஒரு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார். அடுத்த மாதம் புதுச் சீட்டோடு வந்தார். 126/80 என்று எழுதியிருந்தது. நான் சந்தோஷத்தில், "அத்தை, எல்லாம் சரியாயிடுச்சு! நார்மல்!" என்று கத்தினேன். வகுப்பில் எல்லோரும் கை தட்டினார்கள்.

அங்கேதான் நான் தப்புச் செய்தேன்.

நான் சொன்னதை அத்தை 'நோய் தீர்ந்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டார். மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். மீதி மாத்திரையை, தலைவலி என்று சொன்ன நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் ஓடியது. பிறகு சுகாதார நிலைய நர்சம்மா எங்கள் குப்பத்துக்கு வந்து, முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பிரஷர் பார்த்தார். அத்தைக்கு 182/110.

"மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?" என்று நர்சம்மா கேட்டார். அத்தை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான், "நான் சொன்னேன் மேடம்" என்றேன்.

நர்சம்மா என்னைத் திட்டவில்லை. "இன்னைக்கு ராத்திரி உங்க வகுப்புக்கு நான் வரேன்" என்றார். வந்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். அன்று அவர் சொன்னதையும், நான் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

கொதிப்பு என்ற சொல்

இந்த நோயை நாம் 'இரத்தக் கொதிப்பு' என்கிறோம். இந்தச் சொல்லே நம்மை ஏமாற்றிவிடுகிறது. இரத்தம் உலைத் தண்ணீர் போலக் கொதிக்கிறது என்று நினைக்கிறோம். அதனால் உடம்பு சுடும், கோபம் வரும், மூக்கில் இரத்தம் வரும் என்று எதிர்பார்க்கிறோம். இளநீரும் மோரும் குடித்தால் குளிர்ந்துவிடும் என்றும் நம்புகிறோம்.

இரத்தம் கொதிப்பதில்லை. பிரஷர் உள்ளவரின் இரத்தமும் இல்லாதவரின் இரத்தமும் ஒரே சூடுதான். மாறியிருப்பது அழுத்தம். அதனால் 'உயர் இரத்த அழுத்தம்' என்பதே சரியான பெயர். பிரஷர் என்றாலும் சரிதான்.

அழுத்தம் என்றால் என்ன? மோட்டாரில் ரப்பர் குழாய் மாட்டித் தண்ணீர் இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஓடும்போது குழாயைத் தொட்டால் விறைப்பாக இருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் குழாயின் சுவரைத் தள்ளுகிறது. குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் இன்னும் விறைக்கும். குழாய் பழையதாக இருந்தால் ஒரு நாள் எங்காவது கிழியும்.

நம் இதயமும் ஒரு மோட்டார்தான். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. ஒரு நாளுக்குக் கணக்குப் போட்டால் ஒரு லட்சம் துடிப்பு வரும். ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தத்தைக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. அந்த இரத்தம் குழாயின் சுவரைத் தள்ளும் விசையே இரத்த அழுத்தம். அழுத்தம் எல்லோருக்கும் இருக்கிறது. இருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் இரத்தம் தலைக்கு ஏறாது. அளவுக்கு மேலே போய், அங்கேயே நின்றுவிட்டால்தான் நோய்.

மேல் எண், கீழ் எண்

இப்போது அத்தை கேட்ட கேள்விக்கு வருவோம். அது பின்னம் அல்ல. இரண்டு தனித்தனி எண்கள். எழுத வசதியாக நடுவில் கோடு போடுகிறார்கள்.

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம் மேல் எண். இதயம் அடுத்த துடிப்புக்கு முன் ஓய்வெடுக்கும்போது உள்ள அழுத்தம் கீழ் எண்.

சரி, 120 என்றால் எதில் 120? கிலோவா, லிட்டரா? அத்தை இதையும் விடவில்லை. நர்சம்மா விளக்கினார். முன்பு எல்லா ஆஸ்பத்திரியிலும் கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் ஏறி இறங்கும் கருவி இருந்தது. பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் உயரம் ஏறுகிறது என்பதுதான் அந்த எண். 120 மில்லிமீட்டர் என்றால் பன்னிரண்டு சென்டிமீட்டர். 'இவ்வளவுதானா' என்று நினைக்காதீர்கள். பாதரசம் தண்ணீரைப்போல் பதின்மூன்றரை மடங்கு கனம். அதே அழுத்தத்தால் தண்ணீரை ஏற்றினால் ஐந்து அடிக்கு மேல் ஏறும். அத்தையின் 168-க்குத் தண்ணீர் ஏழரை அடி ஏறும்.

இதைக் கேட்டதும் அத்தை அண்ணாந்து எங்கள் மையத்தின் கூரையைப் பார்த்தார். கூரை அவ்வளவு உயரம்கூட இல்லை.

120/80 அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக இருந்தால் நல்லது. மேல் எண் 140 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், கீழ் எண் 90 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் அது உயர் இரத்த அழுத்தம். இரண்டில் ஒன்று கூடியிருந்தாலே போதும். இடையில் இருப்பவர்கள் உப்பைக் குறைத்து, அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு முறை கூடுதலாக இருந்தால் உடனே நோய் என்று முடிவு செய்வதில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தாலும் கூடும். பயந்தாலும் கூடும். அதனால் வேறொரு நாளிலும் பார்ப்பார்கள். மிக அதிகமாக இருந்தால் மட்டும் காத்திருக்க மாட்டார்கள்.

பார்க்கும்போது நாம் செய்ய வேண்டியது உண்டு. அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே டீ, காபி, பீடி, புகையிலை வேண்டாம். சிறுநீர் வந்தால் கழித்துவிட்டுப் போங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும். இரண்டு பாதமும் தரையில் இருக்கட்டும், கால்மேல் கால் போட வேண்டாம். கையை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள். பட்டையைச் சட்டைக்கு மேலே சுற்றக் கூடாது. பார்க்கும்போது பேசக் கூடாது. நம் பெண்களுக்கு இந்தக் கடைசி ஒன்றுதான் கஷ்டம் என்று நர்சம்மா சொன்னார். (ஆண்களும் குறைந்தவர்கள் அல்ல என்பது என் எண்ணம்.)

சத்தம் போடாத நோய்

"எனக்கு ஒண்ணுமே பண்ணலியே. தலை சுத்தல, வலி இல்ல. தினமும் கூடை தூக்குறேன். நோய்னா தெரியாதா?" இது அத்தையின் அடுத்த கேள்வி. நம்மில் பலரும் கேட்கும் கேள்வி இது.

தெரியாது. இந்த நோயின் குணமே அதுதான். காய்ச்சல் சுடும். சிரங்கு அரிக்கும். பல் வலிக்கும். பிரஷர் பெரும்பாலும் எதுவும் செய்யாது. பல வருடங்கள் உள்ளுக்குள்ளேயே வேலை பார்க்கும். பட்டையைச் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். வேறு வழி இல்லை. தலைவலியை வைத்தோ, கோபத்தை வைத்தோ சொல்ல முடியாது. சாதுவான ஆளுக்கும் வரும்.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் குடும்ப நல ஆய்வு ஒன்று நடந்தது. அதில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரஷர் பார்த்தார்கள். 100 ஆண்களில் 24 பேருக்கும், 100 பெண்களில் 21 பேருக்கும் அழுத்தம் கூடுதலாக இருந்தது, அல்லது அதற்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வகுப்பில் இருபது பேர். அன்று நர்சம்மா பார்த்ததில் நான்கு பேருக்குக் கூடுதலாக இருந்தது. அதில் மூன்று பேருக்கு அதுவரை தெரியாது.

உள்ளுக்குள் என்ன நடக்கிறது? விறைப்பான குழாய் உள்பக்கம் தேய்கிறது, தடிக்கிறது. மூளையில் குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ பக்கவாதம். இதயத்தின் குழாய் அடைத்தால் மாரடைப்பு. சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்கள் கெட்டால் சிறுநீரகம் செயல் இழக்கும். கண்ணுக்குள் இருக்கும் குழாய்கள் கெட்டால் பார்வை மங்கும்.

அத்தையின் அண்ணனுக்கு வாதம் வந்தது. அவர் போட்டில் போகிறவர். நல்ல உடம்பு. ஒரு நாள் விடியற்காலையில் வலையைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. அவருக்கு மூன்று வருடங்களுக்கு முன்பே பிரஷர் இருப்பதைச் சொல்லியிருந்தார்கள். மாத்திரை சாப்பிட்டார், சரியானது, விட்டுவிட்டார். இப்போது வாசலில் கட்டிலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய மகன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் போட்டுக்குப் போகிறான்.

இதை அத்தை அன்றிரவுதான் எங்களிடம் சொன்னார். சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் செய்ததையே அவரும் செய்திருந்தார். அதற்கு நான் கை தட்டியிருந்தேன்.

மாத்திரை தீர்ப்பதில்லை, தடுத்து நிறுத்துகிறது

"மழைக்குக் குடை பிடிக்கிறோம். நனையவில்லை. அதனால் மழை நின்றுவிட்டது என்று குடையை மடக்குவோமா?" நர்சம்மா இப்படித்தான் கேட்டார்.

126/80 என்பது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். நோய் போய்விட்டது என்பதற்கு அல்ல. பெரும்பாலானவர்களுக்கு மாத்திரை பல வருடங்கள், பெரும்பாலும் ஆயுள் முழுவதும் தேவைப்படும். எடையும் உப்பும் குறைந்து, அழுத்தமும் நன்றாகக் குறைந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார். அது அவர் செய்ய வேண்டியது. நாம் செய்யக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் சில மாத்திரைகளுக்கு அழுத்தம் முன்பைவிட வேகமாக ஏறும்.

'சாப்பிட ஆரம்பித்தால் பழக்கமாகிவிடும்' என்று ஒரு பயம் இருக்கிறது. புகையிலை, சாராயம் போன்ற பழக்கம் இதில் இல்லை. உடம்பு அதைக் கேட்டு ஏங்காது. நாம் தினமும் சோறு சாப்பிடுகிறோம். அதைப் பழக்கம் என்று பயப்படுகிறோமா?

ஒரு நாள் மறந்துவிட்டால்? அன்றைக்குள் ஞாபகம் வந்தால் சாப்பிடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் அன்றைய மாத்திரையை மட்டும் சாப்பிடுங்கள். இரண்டாகப் போடாதீர்கள்.

சில மாத்திரைகளால் சிலருக்குத் தொந்தரவு வரலாம். அம்லோடிபின் என்ற மாத்திரையால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில் என்ற மாத்திரையால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். வந்தால் போய்ச் சொல்லுங்கள். வேறு மாத்திரை இருக்கிறது. சொல்லாமல் நிறுத்துவதுதான் தப்பு.

உங்கள் மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். அத்தையின் நாத்தனாருக்கு நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. அவருக்குப் பார்த்ததில் 108/70. அதை மேலும் குறைத்தால் என்ன ஆகும்? தலை சுற்றிக் கீழே விழ வேண்டியதுதான்.

இன்னொன்றும் கேளுங்கள். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் பிரஷரைக் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கூடை சுமக்கும் பெண்கள் இதைத்தான் மிட்டாய் போலச் சாப்பிடுகிறார்கள். பிரஷர் இருக்கிறது என்று சொல்லி, வலிக்கு என்ன சாப்பிடலாம் என்று டாக்டரைக் கேளுங்கள்.

மாத்திரை அட்டையைப் படிப்பது

எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டது இங்கே உதவும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. மாத்திரை அட்டையில் எல்லாம் ஆங்கிலம். நாம் படித்தது தமிழ். என்ன செய்வது?

எண்கள் இரண்டுக்கும் ஒன்றுதான். 5 மி.கி. என்றால் அங்கேயும் 5 தான் இருக்கும். 40 மி.கி. என்றால் 40. அந்த எண்ணை முதலில் தேடுங்கள். பிறகு தேதியைத் தேடுங்கள். இரண்டு தேதி இருக்கும். முதலில் வரும் தேதி செய்த மாதம், பின்னால் வரும் தேதி கெட்டுப்போகும் மாதம். பின்னால் உள்ள தேதி தாண்டியிருந்தால் சாப்பிடக் கூடாது. தேதி இல்லாத பக்கத்திலிருந்து மாத்திரையைப் பிய்த்துச் சாப்பிட்டு வாருங்கள். அப்போது கடைசி மாத்திரை வரை தேதி இருக்கும்.

மருந்தின் பெயரை நர்சிடம் கேட்டு உங்கள் நோட்டில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

அத்தைக்கு நடந்த இன்னொரு குழப்பத்தையும் சொல்கிறேன். போன மாதம் மாத்திரை வெள்ளையாக இருந்தது. இந்த மாதம் மஞ்சளாக இருந்தது. இரண்டும் வேறு வேறு என்று நினைத்துக் காலையில் வெள்ளையும் இரவில் மஞ்சளுமாகச் சாப்பிட இருந்தார். இரண்டும் ஒரே மருந்துதான். செய்த கம்பெனிதான் வேறு. நிறத்தை நம்பக் கூடாது. பழைய அட்டையைத் தூக்கி எறியாமல் கொண்டுபோய்ப் புது அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரின் எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா? எண் ஒன்றாக இருக்கிறதா? ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கோலம் பார்ப்பது போல வடிவம் பார்க்கலாம். சந்தேகம் என்றால் கேட்ட பிறகே சாப்பிடுங்கள்.

உப்புக் கணக்கு

வகுப்பில் அதிக நேரம் ஓடியது இதில்தான். கருவாட்டு வியாபாரிகளிடம் உப்பைக் குறை என்றால் சும்மா விடுவார்களா?

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம். டீஸ்பூனில் தலை தட்டி ஒரு ஸ்பூன். இது குழம்பு, சோறு, ஊறுகாய், வடை எல்லாவற்றிலும் சேர்த்து. உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் குழாய்க்குள் அளவு கூடும். அழுத்தமும் கூடும்.

சமைக்கும்போது யார் ஸ்பூனில் அளக்கிறார்கள்? கைதான் அளவு. அதனால் நாங்கள் வேறு வழியில் கணக்குப் போட்டோம். அத்தை வீட்டில் நான்கு பேர்.

ஒரு நாளைக்கு: 4 × 5 = 20 கிராம்.
ஒரு கிலோ பாக்கெட்: 1000 ÷ 20 = 50 நாள் வர வேண்டும்.

"உன் வீட்டில் எத்தனை நாள் வருகிறது அத்தை?"

அத்தை விரல் விட்டு எண்ணினார். "இருபது நாளு."

அதாவது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 12½ கிராம். இரண்டரை மடங்கு!

அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "மீனை அலசவே ரெண்டு கை உப்பு போவுமே. அதை யாரு தின்னா?" நியாயம்தான். உப்புப் போட்டு உரசிக் கழுவும் உப்பு தண்ணீரோடு போய்விடுகிறது. அதற்கும் கழித்துப் பார்த்தோம். அப்படியும் ஒருவருக்கு 9 கிராமுக்குக் குறையவில்லை. அதுவும் கருவாட்டில் ஏற்கெனவே இருக்கும் உப்பைச் சேர்க்காமல்.

மீன் நல்லது. கருவாடு ஆகும்போதுதான் உப்பு மூட்டை ஆகிறது. பிரஷர் உள்ளவர்கள் கருவாட்டை எப்போதாவது, கொஞ்சமாக வைத்துக்கொள்ள வேண்டும். அதையும் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி, பிறகு உப்பே போடாமல் குழம்பு வைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வடகம், மிக்சர், பாக்கெட் சிப்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். சோற்றில் தனியாக உப்பைக் கரைத்துக் குடிப்பதை முதலில் விடலாம்.

உப்பை வறுத்துப் போட்டால் கெடுதல் இல்லை என்று எங்கள் குப்பத்தில் சொல்கிறார்கள். வறுத்தாலும் உப்பு உப்புதான். கடைகளில் கிலோ நூறு ரூபாய்க்கு விற்கும் இந்துப்பும் பெரும்பாலும் அதே உப்புதான். அயோடின் கலந்த உப்பை வாங்குங்கள், குறைவாகப் போடுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்று விற்கிறது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

உப்புக் குறைந்தால் முதல் பத்து நாள் சோறு இறங்காது. புளி, எலுமிச்சை, மிளகு, பூண்டு, கொத்தமல்லியைக் கூட்டிப் பாருங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழம்பு வையுங்கள். அம்மாவுக்கு மட்டும் தனிப் பத்தியம் என்றால் நடக்காது. நம் வீடுகளில் பெண்கள் தங்களுக்கென்று தனியாகச் சமைத்துக்கொள்வது உண்டா என்ன?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாமே குழாயைக் கெடுக்கும். சாராயம் பிரஷரை ஏற்றும். எடை கூடினால் அழுத்தமும் கூடும். கீரை, காய், பழம் நல்லது. நடப்பது நல்லது. "நான்தான் தினம் அஞ்சு மைலு நடக்கிறேனே, எனக்கு ஏன் வந்துச்சி?" என்று அத்தை கேட்டார். நடந்ததால் இதோடு நின்றது என்றார் நர்சம்மா. அண்ணனுக்கு இருந்தது, வயது ஏறியது, உப்பும் கூடியது. எல்லாம் சேர்ந்து வருவதுதான் இந்த நோய்.

வேர் மருந்து

பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "இதுக்கு ஒரு வேரு இருக்குதாமே" என்றார். இருக்கிறது. சர்ப்பகந்தா என்ற செடியின் வேர். நம் நாட்டு வைத்தியத்தில் வெகு காலமாக இருந்தது. பம்பாயில் இருந்த டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் இதைப் பிரஷர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949-இல் பிரிட்டன் நாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். அதன் பிறகு உலகமே அந்த வேரைத் திரும்பிப் பார்த்தது. 1952-இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள்.

இதில் நமக்குப் பெருமைதான். ஆனால் அளவு கூடினால் அந்த மருந்து மனச் சோர்வைக் கொடுத்தது. அதைவிட நல்ல மாத்திரைகள் பிறகு வந்துவிட்டன. அதனால் சந்தையில் யாரோ விற்கும் வேரை வாங்கி மென்று பார்க்க வேண்டாம். அதில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது.

கர்ப்பிணிகள்

கர்ப்பமாக இருக்கும்போது பிரஷர் ஏறினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. வலிப்பு வரலாம். அதனால் ஒவ்வொரு முறை போகும்போதும் பிரஷர் பார்க்க வேண்டும். பார்க்காமல் அனுப்பினால் கேட்டு வாங்குங்கள். முகமும் கையும் திடீரென்று வீங்கினால், தலை பிளப்பது போல வலித்தால், கண் மங்கினால், மேல்வயிறு வலித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரஷர் மாத்திரைகளில் சில கருவைக் கெடுக்கும். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்கள் மாத்திரை வாங்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

உடனே ஓட வேண்டிய நேரம்

வாய் ஒரு பக்கமாகக் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதுதான். அடைப்பினால் வந்த வாதமாக இருந்தால், நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போட்டு அடைப்பைக் கரைக்க வழி உண்டு. அதற்குத் தலையை ஸ்கேன் எடுக்கும் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். புரை ஏறிவிடும். பிரஷர் மாத்திரையை நீங்களாக வாயில் போடாதீர்கள். எண்ணெய் தேய்த்து நேரத்தைப் போக்காதீர்கள். அத்தையின் அண்ணனுக்குக் காலை பத்து மணி வரை வீட்டில் எண்ணெய்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

நெஞ்சு அழுத்தி வலித்து வேர்த்தாலும், திடீரென்று மூச்சுத் திணறினாலும் இதே அவசரம்தான்.

அத்தையின் நோட்டு

இப்போது அத்தையிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. தேதி, மேல் எண், கீழ் எண், மாத்திரை என்று நான்கு கட்டம் போட்டிருக்கிறார். கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது. மாத்திரை சாப்பிட்ட நாளுக்கு ஒரு புள்ளி. விட்டுப்போன நாளுக்கு ஒரு வட்டம். முதல் மாதத்தில் ஏழு வட்டம். இரண்டாம் மாதத்தில் இரண்டு. அந்த இரண்டும் மகளின் வளைகாப்புக்குப் போன நாட்கள். மாத்திரையை எடுத்துப் போகவில்லையாம்.

182/110 என்பது என் கையெழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே 150/96, 142/90, 134/84 எல்லாம் அவர் கையெழுத்து.

போன வாரம் 134/84 எழுதிய அன்று நோட்டை என்னிடம் காட்டினார். நான் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை.

"இன்னா கண்ணு, இந்தத் தடவை கத்தல?" என்று கேட்டார்.

"மாத்திரை இருக்கா அத்தை?"

"பதினோரு நாளுக்கு இருக்கு. அடுத்த செவ்வாக்கெழமை போயி வாங்கணும்" என்றார். உப்புப் பாக்கெட் இப்போது அவர் வீட்டில் 36 நாள் வருகிறது.

செய்து பாருங்கள்

1. கீழே ஐந்து பேரின் சீட்டுகள் உள்ளன. யாருக்கு அழுத்தம் கூடுதல்? 118/76, 138/94, 152/88, 126/82, 140/90.

2. உங்கள் வீட்டில் எத்தனை பேர்? ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வர வேண்டும்? எத்தனை நாள் வருகிறது? அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள்.

3. உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு மாத்திரை அட்டையை எடுங்கள். அதில் எத்தனை மி.கி. என்று உள்ளது? எந்த மாதம், எந்த வருடம் வரை சாப்பிடலாம்?

4. ஒரு மாதத்துக்கு 30 மாத்திரை வாங்கினீர்கள். மாதக் கடைசியில் 6 மீதி இருக்கிறது. எத்தனை நாள் விட்டுப்போனது? ஏன் என்று யோசித்து எழுதுங்கள்.

5. உங்கள் வீட்டில் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் யார் யார்? அவர்கள் கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார்கள்? பெயரையும் எண்ணையும் எழுதுங்கள். பார்க்காதவர் பெயருக்கு எதிரே கட்டத்தைக் காலியாக விடுங்கள்.